அம்மா காட்டிய வியாழன்

பனிக்காலத்தில் அந்தத் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்தால், வானத்தில் எதுவும் தெரிவதற்கு முன்பே கண்ணைச் சுற்றி வட்டமாகக் குளிர் ஒட்டிக்கொள்ளும். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தை, மாசி மாதக் குளிர் அப்படித்தான், எதைத் தொட்டாலும் அதில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும். மூச்சு விட்டால் கண்ணாடி புகைந்துவிடும் என்பதால் மூக்கு நுனி மரத்துப்போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டு வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிநிற்கும் எங்கள் லயத்தில் பாதிக்கு மேற்பட்ட ஒற்றை அறை "காம்பரா"க்களில் அம்மாக்கள் இல்லை. ஆகவே எனக்கு மட்டும் வந்த துக்கம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் மற்ற வீடுகளில் அண்ணன், தங்கை என்று சண்டை போடவாவது ஆள் இருந்தது. எங்கள் வீட்டில் நானும், தேயிலைக்கு மருந்தடித்துவிட்டு வந்து கைகால் கழுவியதும் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும் அப்பாவும்தான். வீட்டில் பேசுகிறவள் அம்மா. அவள் போனதோடு பேச்சும் போய்விட்டது.

ஒரு தடவை அவள் அனுப்பிய அட்டைப்பெட்டியில், சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் அடியில், துவாயில் சுற்றிய ஒரு தொலைநோக்கி இருந்தது. முழங்கை நீளம்தான். மூன்று கால்களில் ஒன்றைக் காணவில்லை. விறகுக்கு வைத்திருந்த தேயிலை "மிலாறு"க் குச்சிகளில் நேரான ஒன்றைத் தேடிச் சீவி, அப்பா அதற்கு ஒரு கால் செய்து கொடுத்தார். லயத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் வாசல் "இஸ்தோப்பு"த் திண்ணையில் வரிசையாக நின்று, எதிர்மலையில் யார் கொழுந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துக் கத்தினார்கள். மூன்றாம் நாள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு குழாயும் நானும் தனித்து விடப்பட்டோம்.

அந்தி சாய்ந்து மூடுபனி கீழே இறங்கியதும் எதிர்மலைக்கு மேலே பெரிதாக ஒன்று மின்னும். அது வியாழன் என்று பள்ளிப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். குழாய்க்குள் அது சின்னஞ்சிறு வட்டமாக, பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகளோடு தெரிந்தபோது, யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அப்பாவை இழுத்து வந்தேன். குனிந்து பார்த்தார். "ஆமா, தெரியுது" என்று சொல்லிவிட்டு ரேடியோவுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அம்மா இருந்தால் லயத்தையே கூட்டியிருப்பாள். அவளுக்காக அதைப் படம் எடுத்தே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சொல்வதற்கு எளிது. வியாழன் குழாயின் ஒரு ஓரத்தால் நுழைந்து, நான் அப்பாவின் போனைக் கண்வில்லையில் பொருத்துவதற்குள் மறு ஓரத்தால் போய்விடும். பூமி சுற்றுகிறது என்பதை நான் மனதார நம்பியது அப்போதுதான். வெளிச்சத்தைக் கூட்டினால் கோள் ஊதிப்போன வெள்ளைப் பொட்டாகும், குறைத்தால் நிலாக்கள் காணாமல் போகும். சைக்கிள் டியூபை வெட்டிப் போனைக் குழாயோடு இறுக்கிக் கட்டி, கை படாமல் எடுக்கப் பழகுவதற்கு மூன்று வாரம் ஆனது. கடைசியில் ஒரு படம் விழுந்தது. கலங்கலான மஞ்சள் வட்டம், பக்கத்தில் நான்கு புள்ளிகள்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் அம்மாவுக்குப் பேச அனுமதி. படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அழைத்தாள்.

"ஏம் புள்ள, இத நீயா எடுத்த?"

"நாந்தாம்மா. நீங்க அனுப்புன குழாயில. பக்கத்துல நாலு புள்ளி இருக்குல்ல, அதெல்லாம் அதோட நிலா."

"நாலு நிலாவா! இரு, எங்க மேடத்துக்கிட்ட காட்டிட்டு வாறேன்."

அவள் திரும்பி வரவில்லை. அடுத்த வெள்ளியும் அழைப்பு இல்லை, அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாவது வாரம், அம்மாவைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் ஹட்டனிலிருந்து அப்பாவைப் போனில் கூப்பிட்டார். "அண்ணே, அந்தக் குழா ஒங்ககிட்டதான் இருக்கா? அது அந்த வீட்டுப் பையனோடதாம். கேக்காம எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. திருப்பி அனுப்பலன்னா பொலிசுக்குப் போவாங்களாம்."

அப்பா போனை வைத்துவிட்டு ரேடியோவை அணைத்தார். பிறகு, "ஒங்கம்மா களவெடுக்குற ஆளில்ல" என்றார். அந்த மாதம் முழுவதும் அவர் பேசியதில் நீளமான வாக்கியம் அது.

களவு இல்லைதான். குவைத்துக்குப் போவதற்கு முன் அம்மா எங்கள் தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில், குசினியில் சமையல் வேலை செய்தவள். அங்கே ஒரு வழக்கம். வேண்டாத பொருளைக் குசினிக்குப் பின்னால் படிக்கட்டோரம் போட்டுவிடுவார்கள், நாலு நாள் அங்கேயே கிடந்தால் அது வேலைக்காரர்களுக்கு. கேட்டால்தான் தப்பு, கேட்டால் துரையின் மனைவி துரைசாணிக்குக் கூச்சமாகிவிடும். எங்கள் வீட்டுச் சட்டி, போர்வை, நான் காலில் போட்ட முதல் சப்பாத்து எல்லாம் அந்தப் படியிலிருந்து வந்தவைதான். குவைத்து வீட்டிலும் ஒரு பின்படி இருந்தது. அதில் கால் உடைந்த தொலைநோக்கி ஒரு மாதமாகக் கிடந்தது.

குழாயைப் பொதி கட்ட உட்கார்ந்தோம். காலில்லாமல் அனுப்பினால் நாங்கள் உடைத்ததாகிவிடும், மரக்காலோடு அனுப்பினால் நல்ல காலைக் கழற்றிக்கொண்டதாகிவிடும் என்று அப்பா அந்தக் காலை இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டினார். கடைசியில் மரக்காலோடேயே, கினிகத்தேனையிலிருந்து குவைத்துக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கையில் கொடுத்தனுப்பினோம். பொலிஸ் வரவில்லை. ஆனால் அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் ஊர் திரும்பும்வரை எட்டு மாதம் நான் அவள் குரலைக் கேட்கவில்லை. அந்தி நேரத்தில் வியாழன் எதிர்மலைக்கு மேலே வந்து நிற்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். படத்தை அனுப்பியவள் நான்தானே.

திரும்பி வந்த அம்மா நடந்ததை ஒரே ஒரு தடவை, ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னாள். நான் அழுதேன். "நீ என்ன பண்ணுவ? நாந்தானே கொண்டுபோய் காட்டுனேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அப்பா இல்லை. லயத்தையும் இடித்துவிட்டார்கள். ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். அம்மாவும் நானும் டவுனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். போன வருடம் நல்ல தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். அதில் காணொளி எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களில் கலங்காதவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கினால், வியாழனின் பட்டைகள்கூடத் துலக்கமாகத் தெரிகின்றன. பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "கேட்டுட்டுத்தானே எடுத்துட்டு வந்த?" என்பது. புதிதாக வாங்கியது என்று எத்தனை தடவை சொல்லியும், தூசி தட்டும்போதுகூட அவள் அதைத் தொடுவதில்லை.

சென்ற வாரம் வளையத்தோடு சனியைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்பினேன். கீழ் வீட்டிலிருக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் தேநீருக்கு வந்திருந்த நேரம் அது. அம்மா படத்தைத் திறந்து, கண்ணருகே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

"என்ன படம் அம்மா? காட்டுங்கோ பாப்பம்" என்று டீச்சர் கையை நீட்டினார்.

அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒன்னுமில்லீங்க டீச்சர்" என்றாள்.