படுத்தால் போகிற பேய்

டாக்டர் செலின் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது மூலக்குளத்தில் உள்ள எங்கள் கடையில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சொன்னவரிடம், "இன்னா விளையாடுறியா?" என்று எரிந்து விழுந்தேன். அவரை அறிந்திருந்தால் நீங்களும் அன்று ஏறக்குறைய அதையேதான் கேட்டிருப்பீர்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவர். ஆனால் நான் அவரை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை, வில்லியனூர் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்தில். எங்கள் குடும்பத்துக்கும் மாதா கோயிலுக்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய மாமியார், எங்கள் பூசாரி கைவிட்டபின் அங்கே இழுத்துப்போனார்.

மாமியாரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே அப்படித்தான் இருந்தது. எழுந்து நின்றால் மண்டைக்குள் இருப்பதை யாரோ பின்கழுத்து வழியாகக் கீழே இழுப்பார்கள். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். எதிரே நிற்கும் கணவர் இரண்டாகத் தெரிவார்; இருவரும் சேர்ந்தே வாயசைப்பார்கள். படுத்தால் எல்லாம் போய்விடும். மாதக்கணக்கில் கூடத்துத் தரையில் கிடந்தேன். என் மகள் என்னைத் தாண்டிப் போகப் பழகிவிட்டாள்.

கூட்டத்தில் ஜெபம் நடத்தியவர் என் தலையில் கைவைத்ததும் விழுந்தேன். வலி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். தூக்கி நிறுத்தினார்கள், திரும்ப வந்துவிட்டது. மறுபடி விழுந்தேன்; போய்விட்டது. பேய் ஆட்டம் காட்டுகிறது என்றார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்து, கட்டிய புடவையோடு என் பக்கத்தில் தரையில் படுத்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "படுத்தா முழுசா போயிடுதாம்மா?"

தலையாட்டினேன்.

"அப்ப நாளைக்கு ஸ்கேன் எடுக்கலாம். பேய் அதுக்கும் வரட்டும்."

மூளை நீரில் மிதக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. முதுகுத்தண்டைச் சுற்றிய உறையில் ஓட்டை விழுந்து நீர் கசிந்ததால், நான் நிற்கும்போதெல்லாம் மூளை கீழே தொய்ந்திருக்கிறது. செலின் என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் ஏற்றினார். அது உறைந்து ஓட்டையை அடைக்குமாம். ரத்தம் ஏற ஏற, எனக்குள் யாரோ ஒரு கதவை உள்பக்கமிருந்து சாத்துவது போலிருந்தது.

முதல் தடவை கசிவு நிற்கவில்லை. சில நாளில் பழையபடி இரண்டு கணவர்கள். எனக்கு வெறுத்துவிட்டது. படுத்தால் சுகமாகத்தானே இருக்கிறது, இப்படியே விட்டுவிடுங்கள் என்று அழுதேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"செத்தவங்களும் சுகமாத்தான் படுத்திருக்காங்க. நீ எழுந்திரிக்கணும்."

மறுபடி ஊசி போட்டார். மறுநாள் அவரே என் கையைப் பிடித்து எழுப்பினார். நின்றேன். என் எதிரே ஒரே ஒரு செலின் நின்றார். பிறகுதான் சிரித்தபடி சொன்னார், ஊசி இறங்கியபோது தானும் ஜெபித்துக்கொண்டிருந்தாராம்.

அடக்கத்தன்று கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தியவர் போலவே இருந்தார். பக்கத்திலிருந்த அம்மாள், "நிம்மதியா படுத்திருக்காங்க பாரு" என்றார். அந்த நிம்மதி என்ன என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து அவர் என்னை இழுத்து வெளியே போட்டார். அவரை இழுக்க அங்கே ஒருவரும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை. அவர் எனக்குக் கொடுத்தது வேறெதுவும் இல்லை, இப்படி நிற்பதுதான். மண் மூடி முடியும்வரை நின்றேன்.