இரண்டு பேராகப் போன நாள்

வடக்குப்பட்டில் பட்டாளத்து வீடுகள் பதினொன்று. பயத்தில் முதலிடம் சசிகலாவின் வீட்டுக்குத்தான். மாமனாரின் அப்பா ரத்தினம் பர்மா சண்டைக்குப் போனவர் போனவர்தான். மாமனார் எல்லப்பன் எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் போரிலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பினார். கணவர் புருஷோத்தமன் இருபத்து நான்கு வருடம் ஓட்டிவிட்டு முழுசாக வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆனார். அப்பாடா என்று அவள் உட்காருவதற்குள் மகன் ஜீவானந்தம் லடாக் எல்லைக்குப் போய்விட்டான்.

எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தாருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணப் பத்திரிகையோ கேன்டீன் சாமானோ, பட்டாளத்து வீட்டுக்கு ஒருவர்தான் போகவேண்டும். இரண்டு பேராகப் போனால் அது சாவுச் செய்தி. அதனால் கேபிள்காரர்கள் இருவர் வந்ததற்கே சசிகலா ஒருமுறை மயங்கி விழுந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம், அறிவுகெட்டவர்கள்.

போன ஐப்பசியில் ஒருநாள், காலை பத்து மணிக்கு நானும் நம்பிராஜனும் அந்த வீட்டுக்குப் போனோம். அவர் திருநெல்வேலிக்காரர், புருஷோத்தமனோடும் என்னோடும் அதே கம்பெனி கேட்டில் வேலை செய்பவர். கார்கிலில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்ததும் சசிகலா கதவைத் தாழ் போட்டாள்.

"பரசுராமண்ணா, எதுவும் சொல்லாதீங்க. போயிடுங்க. எம்புள்ள நல்லாக்கீறான்."

"யம்மா, தம்பி நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு ஒண்ணுமில்ல" என்றார் நம்பிராஜன்.

"சத்தியமா?"

"சத்தியமா, தாயி."

கதவு திறந்தது. கண்ணெல்லாம் தண்ணீர், அதோடு சிரிப்பு.

"இன்னாண்ணா இது, உசுரே பூட்ச்சி. ரெண்டு பேரா வரலாமா? அவரு ஷிப்ட் முடிஞ்சி வரட்டும், சொல்லி வெக்கிறேன். உக்காருங்க, டீ போடறேன்."

நாங்கள் உட்காரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கம்பெனி பஸ்ஸை உள்ளே விட்டுவிட்டு கேட்டைச் சாத்திய புருஷோத்தமன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததை நான்தான் சொன்னேன்.

ஜீவா வந்து கொள்ளி வைத்தான். காரியம் முடிந்த அன்று சசிகலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னதும் சிரிச்சிட்டேனே அண்ணா. அவரு அங்க செத்துக் கெடந்தாரு, நான் இங்க சிரிச்சிக்கினு இருந்தேன்."