சந்தன நிறத் துணி

சோபாக்காரர் விரித்த துணி ஆல்பத்தில் அக்காவின் விரல் மெரூன் நிறத்தில் போய் நின்றது. அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அக்கா என்பது என் ஓரகத்தி. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலைக்கு வந்தோம், பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் கணவருக்குக் காவலூரில் மாதச் சம்பளம். என்னவருக்குச் சாமைக் கொல்லையும் நாலு புளியமரமும். எங்கள் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றுக்குக் கால் விரிசல்.

கடையில் விற்கிற சோபா அவர்கள் கூடத்து ஜன்னலை மறைக்குமாம். அதனால் போளூரிலிருந்து ஆளையே வரவழைத்து, சுவரை டேப்பால் அளந்து, தேக்குச் சட்டம், கெட்டி ஸ்பாஞ்ச், கைப்பிடிக்கும் மெத்தை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

"நீ சொல்லுடி, எந்தக் கலரு?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

மெரூன் அழகாக இருந்தது. அதனாலேயே சந்தன நிறத்தைக் காட்டினேன். "இதாங்க்கா எனக்குப் புடிச்சிருக்குது. பளிச்சுனு இருக்கும்." பங்குனி வந்தால் இந்த மலையில் புளி படாத கை கிடையாது. ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நகக்கண் வரை பழுப்பேறிப் போகும். சந்தன நிறத் துணி அந்த ஒரு மாதத்தைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். அக்கா இரண்டு துணியையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். "அப்போ இதுவே இருக்கட்டும்ங்க" என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சோபா வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சந்தன நிறத்திலும் அது அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. பங்குனிக்காகக் காத்திருந்தேன்.

எங்கள் பக்கம் புளியை அவரவர் தனியாகத் தட்டுவதில்லை. இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று முறைவைத்துப் பெண்கள் கூடுவோம். அக்கா வீட்டு முறை வந்தது. அவர் வாசலிலேயே தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டார். எல்லோரும் கை கழுவித்தான் உள்ளே போனார்கள். ஒரு பொட்டுக் கறை விழவில்லை. நான் மட்டும் மறந்தவள் போல நேரே போய் உட்கார்ந்தேன். வலது கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினேன்.

அக்கா பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஈரத்துணியால் முதலில் என் கையைத்தான் துடைத்தார். "வுடு, துணிதானே. எனக்கு அந்த மெரூனுதான் ஆசை. ஆனா டெய்லி வந்து குந்தப் போறவ நீ. உனக்குப் புடிச்சதா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொறாமைதான். சோபாவையாவது சீட்டுக் கட்டி நானும் ஒருநாள் செய்துகொள்ளலாம். அக்காவின் இந்த மனசை யாரிடம் அளவு கொடுத்துச் செய்வது? வீட்டுக்கு வந்து அழுதேன். என்னவர் காரணம் கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன்.

கறை முழுதாகப் போகவில்லை. போன வாரம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா அதைக் காட்டி, "இன்னாங்க இது, புதுசா கீற சோபாவுல?" என்று கேட்டார்.

"அது எங்க தங்கச்சி எடம்ங்க. வேற யாரும் குந்தக்கூடாதுன்னு முத்திரை குத்தி வெச்சிருக்கா" என்றார் அக்கா. கூடமே சிரித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தபடி அந்தக் கறையின்மேல் கையை வைத்து மறைத்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.