பதினாறடி அறை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பார்கள். வரட்டும். இந்த விஷயத்தில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் வீட்டுக்காரர் கிரஷரில் எடைமேடைக் கணக்கராக இருந்தவர். மலைக்கு வெடிவைத்து, உடைத்து, பொடித்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்து எடை போட்டே நெஞ்சில் தூசியை வாங்கிக்கொண்டார். நாலு வார்த்தை சேர்ந்து பேசினால் இளைக்கும். சிரித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். இனிமேல் தூசிப் பக்கமே விடாதீர்கள் என்று தென்காசி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அச்சன்புதூரில் எங்களுக்கு இருந்த மனையில் வீடு கட்ட வேண்டியிருந்தது. வீடு கட்டுவது என்றால் என்ன? எம்-சாண்ட் குவியும், சிமெண்ட் மூட்டை பிரியும், டைல்ஸ் அறுக்கிற மிஷின் மாதக்கணக்கில் கத்தும். அவர் தாங்குவாரா?

அதனால்தான் மரச்சுவர் வீட்டுக்குப் போனேன். தோட்டம் போட்டு வளர்த்த மரத்தைப் பலகையாக்கி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக அடுக்கி, பசைபோட்டு அழுத்திச் செய்த கனத்த சுவர்கள். கதவு, ஜன்னல், ஒயருக்கு வழி, எல்லாம் கேரளத்துத் தொழிற்சாலையிலேயே வெட்டி வந்துவிடும். அஸ்திவாரம் மட்டும் நம் பொறுப்பு. அதன்மேல் கிரேனில் இறக்கி போல்ட்டை முடுக்கினால் வீடு.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "கரையான் தின்னுரும்" என்றார்கள். "தீப்பெட்டி வீடு" என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, "மரத்த வெட்டிட்டு இதுல என்ன பசுமை வீடு?" என்று கேட்டவர்மேல்தான். அவர் தன் மகனுக்கு மூன்று மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்தில் மரத்தைத் திரும்ப நடலாம். அவர் வீட்டுக்குள் போன குன்றை யார் திரும்ப நடுவது?

என் அண்ணன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்மேல் உயிர். அஸ்திவார வேலையை அவர்தான் பார்த்துக்கொண்டார். அந்தத் தூசி படாமல் இவரைக் கூட்டிக்கொண்டு நான் செங்கோட்டையில் நாத்தனார் வீட்டில் இருந்தேன். வரைபடத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு மனையடி சாஸ்திரம் நினைவு வந்துவிட்டது. படுக்கையறை உள்ளளவு பதினைந்தடி எட்டங்குலமாம், பதினாறு வந்தால்தான் நோய்நொடி அண்டாதாம். கொத்தனாரிடம் சொல்லி ஒரு பக்கத்தை நாலங்குலம் தள்ளிப் போட்டுவிட்டார், சுவரைப் பிடிக்கிற போல்ட்டுகளோடு. எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. செங்கல் வீடு என்றால் பாதகமில்லை. கடைசி நேரத்தில் தள்ளியும் ஒட்டியும்தான் இங்கே எல்லோரும் கட்டுகிறார்கள். தொழிற்சாலையில் வெட்டி முடித்த சுவர் யாருக்காக நீளும்?

சுவர்கள் வந்த அன்று, செங்கோட்டைச் சாலையில் எங்கள் பக்கத்து மலைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாக மேற்கே போக, எதிரே எங்கள் வீடு ஒற்றை ட்ரெய்லரில் இறங்கி வந்தது. தூசி இருக்காது என்ற தைரியத்தில் இவரையும் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். மூன்று சுவர்கள் ஒழுங்காக உட்கார்ந்தன. நான்காவதைப் போல்ட்டின்மேல் இறக்கியதும் மூலையில் நாலங்குலம் வாயைப் பிளந்தது.

"நான் அப்பவே சொன்னேம்லா, இந்த மர வீடெல்லாம் நம்மூருக்குச் சரிப்படாதுன்னு!" என்றார் அண்ணன். சொன்னது யார்? தள்ளிப் போட்டவரேதான். கூடியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தொழிற்சாலையில் இருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த பெண் டேப்பை வைத்து அளந்து பார்த்தாள். "சேட்டா, சுவர் சரிதான். நாளைக்குத் தண்ணி விட்டு, வரைபடத்துல உள்ள இடத்துல புதுத் துளை போடலாம். தூசி வராது" என்றாள்.

"நாளைக்கா? நல்ல நேரம் இப்ப முடியப் போவுதும்மா!"

அண்ணன் பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்த பிரேக்கர் மிஷினை வாங்கிவந்து, போல்ட்டைப் பெயர்க்கக் கான்கிரீட்டை உடைக்கச் சொல்லிவிட்டார். "நிறுத்துங்கண்ணே!" என்று நான் கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? வெள்ளை வெளேரென்று கிளம்பியது தூசி. எதற்குப் பயந்து இப்படியொரு வீட்டைத் தேடிப் பிடித்தேனோ, அது என் கண்முன்னாலேயே அவர் மூக்கில் ஏறியது. தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போன வழியெல்லாம், ஒவ்வொரு மூச்சுக்கும் என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் செத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

அண்ணனும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். இவர் தேறி வருவதற்குள் அந்தப் பெண் சொன்னபடியே துளை போட்டு, பழைய வரைபடத்தின்படி சுவரை நிறுத்தி, வீட்டை முடித்துவிட்டுப் போனாள். சுவர் எங்கே நின்றது என்று அண்ணன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அண்ணன் தள்ளிப் போட்ட நாலங்குலம் சுவருக்கு வெளியே ஒரு திட்டாகக் கிடக்கிறது. அதன்மேல் கோழி நடந்து போகும்.

இந்த வருஷச் சாரல் சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் கட்டிய துண்டோடு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் இளைப்பில்லாமல் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாட்டி, அளவு பதினாறுல நின்னதும் மாப்ளைக்கு மூச்சு சரியாயிட்டுல்லா? பெரியவங்க சும்மாவா எழுதி வச்சிருக்காவ?"

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. டேப்பை எடுத்துவந்து ஒரு முனையை அவர் கையில் திணித்தேன்.

"பிடிங்கண்ணே."

படுக்கையறையின் மறுசுவரில் நின்று அளவைப் படித்தேன். பதினைந்தடி எட்டங்குலம். அண்ணன் நம்பாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து தானே பார்த்தார். ஜன்னல் வழியாக வெளித்திட்டையும் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருந்தா என்னட்டி? அஸ்திவாரத்துல பதினாறு இருக்குல்லா, அதாம் கணக்கு."

தப்பாகிவிட்டது என்று ஒரு சொல்? மருந்துக்கும் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சிரித்துவிட்டார். தொடையில் தட்டி, உடம்பு குலுங்க, அடக்கமாட்டாமல் சிரித்தார். இருமல் வரப்போகிறது என்று நானும் அண்ணனும் பழக்கத்தில் ஒன்றாகத் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினோம்.

வரவில்லை. சிரித்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். செம்பைப் பிடித்தபடியே அண்ணன் அழுதார். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.