கிணற்றை நிமிர்ந்து பார்த்த நாள்

போன வாரம் ஜிஎஸ்டி சாலையில் எனக்கு முன்னால் ஒரு லாரி சவுக்குக் கழி ஏற்றிக்கொண்டு போனது. புதிதாக வெட்டிய கழி. பட்டை உரிந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. அந்தப் பச்சை வாசனை ஹெல்மெட்டுக்குள் புகுந்ததும், திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு லாரிக்குப் பின்னாலேயே பரனூர் வரை போய்விட்டேன். தக்காளி வாங்கப் போன ஆள் சவுக்கை மோந்துகொண்டு போனேன் என்று வீட்டில் சொல்ல முடியுமா? டயர் பஞ்சர் என்று சொல்லித் தப்பித்தேன்.

எங்களுக்கும் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. நெம்மேலிக்குத் தெற்கே, கடலை ஒட்டி, அம்மா வழியில் வந்த மணல் நிலம். எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அங்கே போக மூன்று பஸ் மாற வேண்டும். அப்பா வரலாற்று வாத்தியார். சவுக்கு நம்ம ஊர் மரமே இல்லை என்பது அவருக்கு மிகவும் பிடித்த சேதி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்வார். வெள்ளைக்காரன் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று ஏக்கர் ஏக்கராக நட்டது. அதற்கு முன்னால் இந்தக் கரையில் வேறு காடு இருந்தது, முள்ளும் பழமுமாக, கடல்காற்றுக்கு ஒருக்களித்துப் படுத்த குட்டைக் காடு என்பார். பக்கத்து சீட்டுக்காரர் “அப்படியா சார்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார்.

இதைச் சொன்ன வாயோடுதான் அவரும் சவுக்கு போட்டார். எல்லாம் அக்காவின் கல்யாணத்துக்காக. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண் கல்லூரிக்குள் போகும்போது கன்று வைத்தால், அவள் படித்து முடித்து, பெண் பார்க்க ஆட்கள் வந்து பஜ்ஜி தின்று போகத் தொடங்கும்போது மரம் வெட்டுக்கு வந்துவிடும். அக்காவை அப்போதெல்லாம் “இன்னிக்கு எத்தனை அடி வளர்ந்திருக்க?” என்று கேலி செய்வேன். அவள் கையில் கிடைத்ததை எடுத்து என்மேல் எறிவாள்.

கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற, தோப்பு நடுவில் உறைக்கிணறு இறக்கினார்கள். சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மணலுக்குள் இறக்கின கிணறு. மேல் உறை என் முழங்கால் உயரத்துக்குத்தான் வெளியே இருந்தது. கடலுக்கு அவ்வளவு பக்கத்திலும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். நான் குனிந்து எட்டிப் பார்த்தால் அக்கா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து குடத்தில் மொண்டு ஊற்றுவார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி கிளாரா அக்கா. அவர் சிரித்தால் அலைச்சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

இங்கேதான் அப்பா அந்த வேலையைச் செய்தார். நிலத்தின் கடலோரத்தில் ஒரு நீண்ட மணல்மேடு இருந்தது. மேலெல்லாம் களா, காரை, சூரை, ஈச்சம்புதர். சரிவில் அடம்புக் கொடி. அவர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்த பழைய காட்டில் மிஞ்சிய கந்தல் அதுதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் பிரேயரில் பிள்ளைகளை வரிசை பிசகாமல் நிறுத்திப் பழகிய மனுஷனுக்கு, நேர்நேராக வந்த சவுக்கு வரிசை அந்தப் புதரில் போய் முட்டிக்கொண்டு நிற்பது பொறுக்கவில்லை. புதரை வெட்டி, மேட்டைச் சமன்படுத்தி, இன்னும் சில வரிசை வைக்கலாம் என்று முடிவு செய்தார்.

கிளாரா அக்கா நேராக அவர் எதிரில் வந்து நின்றார். “சார், அந்தப் பொதரு கீறதாலதான் பொம்பளைங்க நாங்க மறைவா ஒதுங்கிக்கினு கீறோம். அத்தயும் வெட்டிட்டா நாங்க எங்க போறது?”

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “சவுக்கு வளந்தா அதுவே மறைவுதானேம்மா.”

“அது வளர்ற வரைக்கும் அடக்கிக்கினு இருக்கணுமா சார்?”

பெண்களெல்லாம் சிரித்தார்கள். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் புதரை வெட்டினார்கள், மேடும் போனது. வேலிக்கு அந்தப் பக்கத்து நிலக்காரர் மட்டும் தன் மேட்டைத் தொடவில்லை. பெரிய யோசனையெல்லாம் இல்லை, சோம்பேறித்தனம்தான் என்று அவரே எங்களிடம் சொன்னார்.

அக்காவுக்கு வரன் அமைந்தது. தை மாதத்தில் கல்யாணம், அதற்கு முன்னால் மரம் வெட்டு என்று பேச்சு. கார்த்திகையில் புயல் அடித்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் முருங்கை ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். பஸ் ஓடத் தொடங்கி, அப்பாவும் அக்காவும் நானும் அங்கே போய் இறங்கியபோது நான் வழி தப்பிவிட்டோம் என்றே நினைத்தேன். தோப்பைக் காணோம். மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாதி மணலுக்குள். நின்றிருந்த கொஞ்சமும் உப்புக்காற்றில் வெந்து, வறுத்த மாதிரி பழுப்பாக இருந்தன. அப்பா மேட்டைச் சமன்படுத்திய இடத்தின் வழியாகத்தான் கடல் உள்ளே வந்திருந்தது.

பிறகுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மேட்டுப் புதர் முன்பக்கம் கருகி நின்றது. அதன் பின்னால் பக்கத்து நிலக்காரரின் சவுக்கு, பச்சையாக, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரே கடல், ஒரே காற்று. நடுவில் ஒரு முள்வேலி. என்னால் நம்பவே முடியவில்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பா விழுந்து கிடந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்க்காமலே கேட்டார்: “தையில வேணாம். பங்குனியில வச்சுக்கலாமாம்மா?”

அக்கா “சரிப்பா” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்லவில்லை. தை முடிவதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா அந்தத் தை முழுக்கத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லோர் துணியையும், மடித்ததையே மறுபடியும். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பிறகு நல்ல மனிதராகவே அத்தான் அமைந்தார். புயல் தனக்கு உதவிதான் செய்தது என்பாள் அக்கா, அவர் குறட்டை விடும் நாட்களில் மட்டும் இல்லை என்பாள். அப்பா அதற்கப்புறம் பஸ்ஸில் யாரிடமும் காட்டின் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு, இரண்டாயிரங்களின் கடைசியில், மாமல்லபுரம் வந்த சாக்கில் அக்காவும் நானும் அங்கே போனோம். அதற்குள் ஆழிப்பேரலையும் வந்து போயிருந்தது. ஈசிஆரில் கார்கள் பறந்தன. பக்கத்து நிலக்காரர் மகன் தோப்பை வெட்டி மனை போட்டிருந்தான். அந்தப் பக்கத்து மேடும் புதரும் இல்லை. கிளாரா அக்கா தெருக்குழாயடியில் எங்களை அடையாளம் கண்டு, அக்காவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தன் மகன் எங்கள் ஊர்ப்பக்கம் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். அப்பா போனதைச் சொன்னோம். எங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றோம்.

“இன்னா பாக்கப் போறீங்க?” என்றார். ஆனாலும் கூட வந்தார்.

நிலம் தொடங்க வேண்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறதாம். எங்கேயோ கல் கொட்டியதால் என்று சிலர், பூமி சூடாகிறது என்று சிலர். எனக்குத் தெரியாது. அலைக்குள்ளே புகைபோக்கி மாதிரி ஒன்று தனியாக நின்றது. சிமென்ட் உறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பாசியும் சிப்பியும் பிடித்து.

“உங்க கெணறுதாம்மா அது” என்றார் கிளாரா அக்கா.

சுற்றியிருந்த மணலையெல்லாம் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது, கிணறு மட்டும் நின்றது. தோப்பு போனதை எப்படியோ ஏற்றுக்கொண்டிருந்தேன். தோப்பு நின்ற தரையே எழுந்து போகும் என்று எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அலை விலகிய நேரம் பார்த்து அருகே போனேன். பின்னாலிருந்து அக்கா என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த நாளில் நான் குனிந்து எட்டிப் பார்த்த கிணற்றின் வாய் என் தலைக்கு மேலே இருந்தது.