என் கை அளவுக்குத் தெரிந்தெடுத்த ஜொய்ஸ்டிக்

புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு இருந்தபோது நிஸ்தாரின் அழைப்பு வந்தது. கட்டுகஸ்தோட்டைக் கணினி வகுப்பில் என்னிடமும் ரீட்டாவிடமும் படித்தவர். இப்போது மடவளையில் கடை வைத்திருக்கிறார். "சேர், ரீட்டா மிஸ் போயிட்டாங்க. நேத்து கலஹாவில அடக்கம் முடிஞ்சிட்டு" என்றார். பிறகு, "நினைவுத் திருப்பலிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுறம். அவங்களோட வேலை செஞ்சவர் நீங்கதானே. எழுதித் தாங்க" என்று கேட்டார். அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. ஏன் இல்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

ரீட்டா ராயப்பனை, வகுப்பில் படித்த நீங்கள் அறிவீர்கள். கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவிலிருந்து படித்து வந்தவர். எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சிங்களம் பேசுவார். விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சுச் செய்ய உங்களைப் பழக்கியவர் அவர்தான். ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு, மாலை பஸ் வரும்வரை, அவர் விண்கப்பல் ஓட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்காது. யாரோ பிரதி எடுத்துத் தந்த கணினி விளையாட்டு அது. நட்சத்திரங்களுக்கு நடுவே சரக்கு ஏற்றிப் போக வேண்டும். கொள்ளையர் வந்தால் சண்டை பிடிக்க வேண்டும். நானும் சேர்ந்துகொண்டேன். மவுஸைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பத் திரும்பக் கற்பாறைகளில் மோதுவதைப் பார்த்துவிட்டு, "சேர், இது சரிவராது. உங்களுக்கு ஒரு ஜொய்ஸ்டிக் வேணும். வாங்க, நானே பாத்து எடுத்துத் தர்றேன்" என்றார்.

கண்டி நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் விமானத்தின் சுக்கானைப் போன்ற பெரியதொன்றை எடுத்து வைத்தார். பார்த்த உடனே எனக்கு அதுதான் வேண்டும் போலிருந்தது. ரீட்டா தலையாட்டினார். "இது காத்துல போற பிளேனுக்கு, சேர். நம்ம கப்பல் ஒரு பக்கம் பாத்துக்கிட்டே இன்னொரு பக்கம் வழுக்கிட்டுப் போகும். முறுக்கித் திருப்புற பிடிதான் வேணும்." நான்கு ஜொய்ஸ்டிக்குகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் சாய்த்துவிட்டார். மூன்று முழுதாக நிமிரவில்லை. "கைய எடுத்தா நடுவுக்கு வரணும். வராத ஒன்னு நம்மள நிம்மதியா விடாது" என்றார். நான்காவதை என்னிடம் தந்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் தொடச் சொன்னார். தொட்டேன். அவருடைய சின்னக் கைக்கு மேல்பக்கத்துப் பொத்தான்கள் எட்டவில்லை. "எனக்கு எட்டாட்டிப் பரவாயில்ல. ஓட்டப்போறது நீங்கதானே" என்று சிரித்தார்.

யுத்தத்தால் ஊரெல்லாம் பொலிஸ் சோதனை நடந்த காலம். இரண்டு தமிழர் மேல்மாடியில் விமானம் ஓட்டப் பழகுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிற்பகல் பொலிஸார் படியேறி வந்தார்கள். அதிகாரி ஜொய்ஸ்டிக்கை வயரோடு தூக்கி, "இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மிஸ்ஸுடையது" என்றேன். கையையும் நீட்டிக் காட்டினேன்.

அதை ரீட்டாவின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தால் என் பொய் அங்கேயே தெரிந்திருக்கும். யாரும் கொடுக்கவில்லை. ரீட்டா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "ஆமாம், என்னுடையதுதான். விளையாட்டுச் சாமான்" என்றார். கணினியையும் அதையும் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கட்டடத்துச் சொந்தக்காரரான ஹாஜியாரும் ரீட்டாவின் தகப்பனும் தினமும் பொலிஸுக்கு நடந்தார்கள். மூன்றாம் நாள் தகப்பன் என் அறைக்கு வந்தார். "சேர், நீங்களும் ஒருக்கா வந்து சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

"எனக்குக் காய்ச்சல், ஐயா. எழும்ப ஏலாது" என்றேன். காய்ச்சல் எதுவுமில்லை. அவர் நம்பினார். அடுத்த நாள் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பையில் நாலு தோடம்பழம் இருந்தது.

விடுதலையாகி வந்தபோது ரீட்டாவின் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்தான் பேசினார். "உங்க ஐடென்டிட்டியில யாழ்ப்பாணம்னு இருக்கு. உங்களப் பிடிச்சிருந்தா எங்க கொண்டு போயிருப்பாங்களோ தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும், தப்பிச்சு வந்துருவேன்னு யோசிச்சுத்தானே சொன்னீங்க, சேர்?"

"ஓம்" என்றேன்.

ஒரு மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டு, தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தார். பிறகு இரண்டு மூன்று தடவை பேராதனையில் கலஹா பஸ்ஸுக்கு நிற்கக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மற்றப் பக்கத்தால் போய்விட்டேன்.

அவர் சொன்ன காரணத்தை இத்தனை வருடமும் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மனைவிக்குக்கூட அப்படித்தான் சொன்னேன். உண்மை வேறு. அந்த நிமிடம் என் அடையாள அட்டை எனக்கு நினைவிலேயே இல்லை. அவருடைய சிங்களமும் நினைவில் இல்லை. பயந்தேன். பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன். அவ்வளவுதான். அது ரீட்டாவுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டேதான், நான் நிமிர்ந்து நடக்க ஒரு காரணத்தை அவரே யோசித்துச் செய்து என் கையில் தந்திருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் காரணம் ஒன்றுதான். இனி அதைப் பாவிக்க மாட்டேன்.