ஆபரேட்டர்: அமலோற்பவம்

அமலோற்பவம் அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவருடைய மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க மாமா... தூக்கத்துலயே." 

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் அரியலூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் கிளார்க். அக்கா அங்கே கரி உடைக்கும் வேலைக்கு வந்தவர். வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் முதல் பஸ்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பின் வேலை கேஸ் ஹார்டனிங். கரும்பு ஆலைகளில் கரும்பைத் தூக்கிப் போகும் பெரிய சங்கிலி இருக்கிறதே, அதன் கண்ணிகளைக் கோக்கும் பின்கள் எங்களிடம் வரும். அவற்றை இரும்புப் பெட்டியில் கரித்தூளோடு அடுக்கி, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, நாள் முழுக்க உலையில் வைப்போம். கரி இரும்பின் மேல்தோலில் ஏறும். பிறகு சிவக்கச் சிவக்க எடுத்து எண்ணெயில் முக்கினால் மேல்தோல் இறுகிவிடும், அரம் போட்டாலும் வழுக்கும். உள்ளே மட்டும் பழைய இரும்புதான். அதனால் தேயவும் தேயாது, அடியும் தாங்கும்.

உலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் ஒருநாள் துபாய்க்குப் போய்விட்டார். உலையை மூடிவிடலாம் என்று முதலாளி சொன்னபோது அக்கா கரிக்கூடையைக் கீழே வைத்தார்.

"நான் பாக்குறேன் மொதலாளி. மூணு வருசமா பொட்டி கட்டிக் குடுக்குறது நான்தான? கதவ தொறக்குறப்ப என்ன நெறத்துல இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

முதலாளி சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். வேறு ஆள் இல்லை...

முதல் லாட் மொத்தமும் வீண். பின்னின் ஒரு முனையில் நட்டு போட மரை வெட்டியிருக்கும்; நட்டை முடுக்கும்போதே அந்த முனை மடக் மடக்கென்று உடைந்தது. முனை மெல்லியது, அதற்குள் கரி முழுசாக ஏறிவிட்டது. அன்று அக்கா யார் மேலும் பழி போடவில்லை. "என் தப்புதான்" என்றார். உடைந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அரம் போட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, இங்க பாரு. இந்த ஒண்ணுல மட்டும் அரம் கடிக்குது. மூடியில பூசுன மண்ணு ஒழுகி இது மேல ஒட்டியிருக்கு. மண்ணு இருந்த எடத்துல கரி ஏறல!"

அதன் பிறகு ஒவ்வொரு பின்னின் மரையிலும் களிமண் பூசி, காய வைத்துத்தான் பெட்டியில் அடுக்குவார். உடம்பு இறுகும். மரை மட்டும் இறுகாமல் மெதுவாகவே இருக்கும். அதன் பிறகு ஒரு பின்கூட உடையவில்லை.

ஆனால் லாட்டோடு போகும் சீட்டில் ஆபரேட்டர் என்ற இடத்தில் முதலாளி தன் மைத்துனர் பெயரைப் போடச் சொன்னார். "பொம்பள பேரு இருந்தா பார்ட்டி யோசிப்பான்யா."

நான் எழுதினேன். பல மாதம் எழுதினேன். அக்காவுக்கும் தெரியும். ஒன்றும் கேட்டதில்லை.

ஒருநாள் பின்களை வாங்கும் திருச்சி கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு பின்னை எடுத்து நேராக மரையில் அரம் போட்டார். கடித்தது. "சாஃப்ட்டா இருக்கு. லாட் மொத்தமும் ரிஜெக்ட்" என்று பேனாவை எடுத்துவிட்டார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், ஒரு நிமிசம் இருங்க" என்றார் அக்கா.

முதல் லாட்டில் மிஞ்சிய ஒரு பின்னை வைஸ் இடுக்கியில் மாட்டி, மரையில் சுத்தியலால் ஒரே அடி. துண்டாகிப் பறந்தது. அடுத்து புதிய பின்னை மாட்டி அடித்தார். மரை வளைந்தது, உடையவில்லை. அதே பின்னின் உடம்பில் அரத்தை வைத்து இழுத்தார். சர்ரென்று வழுக்கியது.

"அங்க மெதுவா இருக்கணும்னுதான் சார் வுட்டுருக்கேன்."

இன்ஸ்பெக்டர் தானே சுத்தியலை வாங்கி இன்னும் மூன்று பின்களை அடித்துப் பார்த்தார். "யாரும்மா இதச் சொல்லிக் குடுத்தது?"

"ஒடஞ்ச பின்னுதான் சார்."

அவர் சீட்டைப் பார்த்தார். "இதுல வேற பேரு இருக்கே?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் வந்தேன்.

"அது சும்மா எழுதுன பேரு சார். ஆபரேட்டர் இவங்கதான்."

"அப்ப வேற சீட்டு எழுதுங்க. சரியா எழுதுங்க. கையெழுத்து போடுறேன்."

நான் எழுத உட்கார்ந்தபோது அக்கா தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "நடுவுல ற் வுட்டுடாத தம்பி. எல்லாரும் வுட்டுடறாங்க."

முதலாளி அன்று என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சீட்டிலும் அந்த மைத்துனர் பெயர் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம், எங்கள் பின்கள் போட்ட சங்கிலி ஓடும் எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கியபோது அக்கா லீவு போட்டுவிட்டு, வீட்டுக்காரரையும் மகளையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினார். பட்டுப்புடவை. ஆலை கேட்டில் நின்று கெஞ்சி எப்படியோ உள்ளே போயிருக்கிறார். சங்கிலி கரும்பை அள்ளி அள்ளி மேலே கொண்டுபோவதை அரைமணி நேரம் அசையாமல் பார்த்தாராம். வீட்டுக்காரர் கிளம்பலாம் என்று கூப்பிட்டதற்கு, மகளைத் தூக்கிக் காட்டிச் சொன்னாராம்:

"இருய்யா... இவ நல்லா பாத்துக்கட்டும். அம்மா செஞ்சதுன்னு நாளைக்கு சொல்லணும்ல."

காலையில் போனில் அந்த மகள்தான் இதை எனக்குச் சொன்னாள். அழுதுகொண்டேதான்... ஆனால் குரலில் அப்படி ஒரு பெருமை.

மாலை நான்கு மணிக்கு வரதராஜன்பேட்டையில் அடக்கம். பஸ்ஸில் ஜெயங்கொண்டம் தாண்டிவிட்டேன்.

போயிட்டு வாங்க அக்கா.